காசு கொடுத்து எழுதவைத்த சாஃப்ட்வேர் யாருக்குச் சொந்தம்?

திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் கம்பெனியின் தொழில் முழுக்க இன்று ஒரு சாஃப்ட்வேருக்குள் இருக்கிறது. நூல் வாங்கிய பில், நிட்டிங்குக்குப் போன டிசி (டெலிவரி சலான்), சாயப்பட்டறையிலிருந்து திரும்பிய துணியின் எடை, பீஸ் ரேட் கூலி எல்லாமே அதில்தான். ரெடிமேட் பில்லிங் சாஃப்ட்வேர் இந்தச் சுற்றுக்கு ஒத்துவராது. அதனால் உள்ளூர் சாஃப்ட்வேர் கம்பெனியைக் கூப்பிட்டு, தங்கள் முறைக்கு ஏற்ப எழுதித் தரச் சொல்கிறார்கள். அட்வான்ஸ் கைமாறுகிறது, ஆண்டுதோறும் ஏஎம்சி எனும் பராமரிப்புக் கட்டணமும் போகிறது. எழுத்தில் இருப்பதோ பெரும்பாலும் ஒரு கொட்டேஷனும் கொஞ்சம் வாட்ஸ்அப் செய்திகளும்தான்.

பிரியும் நாளில்தான் சிக்கல் தெரியவருகிறது. ஏஎம்சி தொகை கட்டுப்படியாகாமல் வேறு ஆளைப் பார்த்தால், அவர் முதலில் கேட்பது சோர்ஸ் கோடு. அது நம்மிடம் இல்லை. சர்வரின் அட்மின் பாஸ்வேர்டும் இல்லை.

காசு கொடுத்தது நாம்தானே, அது நமக்குத்தானே சொந்தம் என்று முதலாளிகள் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வரிசையில் வைக்கிறது. எழுதியவரே முதல் உரிமையாளர். நம்மிடம் சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் உரிமை நமக்கு வரும். வெளிக் கம்பெனி எழுதினால், அவர்கள் கையெழுத்திட்ட எழுத்துபூர்வமான உரிமை மாற்றம் வேண்டும். அந்தப் பத்திரத்திலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டு வரிகளை விட்டுவிட்ட ஒப்பந்தங்கள் ஏராளம்.

எழுதுபவர் பக்கமும் நியாயம் உண்டு. பத்து வாடிக்கையாளருக்குப் பொதுவாக எழுதிய பகுதியை ஒருவருக்கே எழுதிக்கொடுக்க அவரால் முடியாது. பொதுப் பகுதிக்குக் காலவரையற்ற பயன்பாட்டு உரிமம், நமக்கென்றே எழுதிய பகுதிக்கு முழு உரிமை, அவர் கடையை மூடினால் நம் கைக்கு வரும்படி மூன்றாம் நபரிடம் சோர்ஸ் கோடு. இப்படிக் கேட்டால் நேர்மையானவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

சோர்ஸ் கோடைவிட டேட்டா முக்கியம் என்பது என் கருத்து. கோடு போனால் மறுபடி எழுதலாம். ஐந்து வருட லாட் கணக்கை எழுத முடியாது. ‘டேட்டா கொடுத்துவிட்டோம்’ என்று சொல்லி பிடிஎஃப் அறிக்கைகளைக் கொடுப்பார்கள். அது போதாது. ஒரு லாட் எண்ணைத் தட்டினால் நூல் பில், நிட்டிங் டிசி, சாய எடை, ஏற்றுமதி இன்வாய்ஸ் வரை தொடர்பு அறுபடாமல் வரவேண்டும். அதற்கு முழு டேட்டாபேஸ் பேக்கப் வேண்டும். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், அந்த பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, பழைய லாட் ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாஃப்ட்வேருக்கும் காப்புப் பிரதி எடுத்துக்கொள்வது, அதைச் சட்டப்படி வைத்திருப்பவருக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தந்த உரிமை.

கணக்கு தொலைந்தால் அரசு கேட்பது நம்மைத்தான். ஜிஎஸ்டி ஆவணங்களை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனமானால் 8 நிதியாண்டுக் கணக்கு. அத்தகைய நிறுவனங்களின் கணக்கு சாஃப்ட்வேரில், யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற தடம், அணைக்க முடியாதபடி இருக்கவேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. தொழிலாளர்களின் ஆதார், வங்கி விவரம் வெளியே கசிந்தாலும், 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொறுப்பை வைப்பது நம் தலையில். சாஃப்ட்வேர்காரர் நம் சார்பில் கையாள்பவர் மட்டுமே.

தகராறு முற்றி, நம் அலுவலகத்து சர்வரையே தூரத்திலிருந்து பூட்டிவிட்டால்? அனுமதியின்றி அப்படிப் பூட்டுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வருகிறது. 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு, தீர்ப்பளிக்கும் அதிகாரியான மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் மனு செய்யலாம். இந்த வழி பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. ஆனால் சர்வர் அவர்களுடையது, பாக்கியும் நம் பக்கம் என்றால் இந்த வாதம் பலவீனமாகும். பாக்கியைத் தீர்த்து ரசீது வாங்கிவிட்டுப் பேசுவது நல்லது.

நுகர்வோர் ஆணையம் வணிக நோக்கத்துக்கு வாங்கியதைப் பொதுவாக ஏற்காது. வயிற்றுப்பிழைப்புக்காகத் தானே தொழில் செய்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு, தகராறு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாததென்றால் வணிக நீதிமன்றம். வழக்குக்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம். உடனடித் தடையாணை தேவைப்பட்டால் நேராகப் போகலாம். ஒப்பந்தத்தில் ‘நடுவரை நாங்களே நியமிப்போம்’ என்றிருந்தால் பயப்பட வேண்டாம். தகராறின் முடிவில் அக்கறையுள்ள ஒரு தரப்பு தனியாக ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் சொல்லிவிட்டது. வாட்ஸ்அப் செய்திகளும் சாட்சியம்தான், பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றோடு கொடுத்தால். எனவே எதையும் அழிக்காதீர்கள். போனை மாற்றும் முன் அந்த உரையாடலை எடுத்து வையுங்கள்.

ஒப்பந்தமே இல்லாமல் ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு அடுத்த ஏஎம்சி புதுப்பிக்கும் நாள் நல்ல வாய்ப்பு. காசோலை இன்னும் உங்கள் கையில் இருக்கும்போதே, வாரம் ஒருமுறை முழு பேக்கப், அட்மின் பாஸ்வேர்டின் ஒரு பிரதி, விலகினால் 30 நாளுக்குள் டேட்டா ஒப்படைப்பு என்ற மூன்றையும் அவர்கள் லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள்.