ப்ரோ வீரரை முந்தினால் நாமும் ப்ரோவா? ஏற்காடு மலையில் இருந்து ஒரு கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏற்காடு ஒண்டிக்கடை பக்கம் போனால் பார்க்கலாம். சேலத்தில் இருட்டோடு கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறி வந்தவர்கள் டீ கிளாஸோடு நிற்பார்கள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதல் வேலை, ஸ்ட்ராவாவில் டைம் பார்ப்பது. இரண்டாவது வேலை, விவாதம். "நாள் முழுக்க மிதிக்கிறோம், ஓடுறோம். ப்ரோ பிளேயர்ஸால இது முடியுமா?"

கேள்வி கொஞ்சம் ஓவராகத் தெரியலாம். ஆனால் இதற்கு நிஜமான டேட்டா இருக்கிறது.

சைக்கிள்காரர்களிடம் 'எவரெஸ்டிங்' என்று ஒரு சவால் உண்டு. ஏதாவது ஒரு ஏற்றத்தைத் தேர்ந்தெடுத்து, எவரெஸ்டின் உயரமான 8,848 மீட்டர் சேரும் வரை அதிலேயே ஏறி இறங்க வேண்டும். ஒரே ரைடில் முடிக்கணும், நடுவில் தூங்கக் கூடாது. 1994-ல் ஆஸ்திரேலியாவில் இதைச் செய்தவர் ஜார்ஜ் மல்லோரி. 1924-ல் எவரெஸ்டில் காணாமல் போன அதே மல்லோரியின் பேரன். நம் ஏற்காடு மலைப்பாதையில் செய்தால்? அடிவாரத்தில் இருந்து ஒரு ஏற்றம் சுமார் ஆயிரம் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒன்பது முறை ஏறணும், எட்டு முறை இறங்கணும். கணக்குப் போட்டால் 340 கொண்டை ஊசி வளைவுகள். படிக்கும்போதே தலை சுற்றுகிறதா?

பல வருடங்களாக இது அமெச்சூர்களின் விளையாட்டாகவே இருந்தது. அதிவேக சாதனையே எட்டு மணி நேரத்துக்கு மேல்தான். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. பந்தயங்கள் ரத்தானதால் ப்ரோக்கள் போரடித்துப்போய் இந்தப் பக்கம் வந்தார்கள். மே மாதம் முன்னாள் ப்ரோ ஃபில் கெய்மன் 7 மணி 52 நிமிடத்தில் முடித்தார். ஜூலையில் டூர் டி பிரான்ஸ் சாம்பியன் அல்பெர்டோ கான்டடார் 7 மணி 27 நிமிடம். பல வருட சாதனை சில வாரங்களில் காலி.

கதை இங்கே முடிந்திருந்தால் ப்ரோக்கள் ஜெயித்தார்கள் என்று போயிருக்கலாம். ஆனால் அதே ஜூலையில் அயர்லாந்தின் ரோனன் மெக்லாக்லின் 7 மணி 4 நிமிடத்தில் முடித்துக் கான்டடாரை ஓரங்கட்டினார். ஒரு காலத்தில் சின்ன டீம் ஒன்றில் ஓட்டியவர், அப்போது கோச். அடுத்த மார்ச்சில் அதையே 6 மணி 40 நிமிடமாகக் குறைத்தார்.

அப்போ மெக்லாக்லின்தான் கான்டடாரை விடப் பெரிய வீரரா? இல்லை. கான்டடார் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. மெக்லாக்லின் குட்டையான, செங்குத்தான ஏற்றமாகத் தேடிப் பிடித்தார். சைக்கிளின் எடை வரை ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டார். முக்கியமான விஷயம், இந்தச் சவாலில் முழு மூச்சாக இறங்கிய திறமைசாலிகள் மொத்தமே கொஞ்சம் பேர். ஒரு சாதனை எவ்வளவு உறுதியானது என்பதை, அதை உடைக்க எத்தனை நல்ல வீரர்கள் முயன்றார்கள் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஆங்கிலக் கால்வாயும் இதையேதான் சொல்கிறது. நேர்க்கோட்டில் சுமார் 33 கிலோமீட்டர். 1875-ல் மேத்யூ வெப் 21 மணி 45 நிமிடத்தில் நீந்தினார். 1958-ல் முதல் இந்தியராக மிஹிர் சென் 14 மணி 45 நிமிடம். சென் தொழிலால் வழக்கறிஞர். 2023-ல் ஒலிம்பிக் நீச்சல் வீரரான ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் வாஷ்பர்கர் எடுத்துக்கொண்டது 6 மணி 45 நிமிடம். வேகம் என்று வந்துவிட்டால் ப்ரோவுக்குப் பக்கத்தில் கூட போக முடியாது.

ஆனால் வேகமே கேள்வி இல்லை என்றால்?

இங்கேதான் வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் வருகிறார். இவரும் வழக்கறிஞர். 1971-ல் பாக் நீரிணையை இலங்கையில் இருந்து இந்தியாவுக்கும், மறுபடி இலங்கைக்கும் 51 மணி நேரத்தில் நீந்தினார். 1979-ல் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றிச் சுற்றி 187 மணி 28 நிமிடம் நிற்காமல் சைக்கிள் ஓட்டினார். கிட்டத்தட்ட எட்டு நாள்! 1981-ல் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் நின்ற நிலையிலேயே 80 மணி நேரம் மிதந்தார். டூர் டி பிரான்ஸ் ஜெயித்தபோது கான்டடார் சைக்கிளில் இருந்தது மூன்று வாரத்தில் மொத்தம் சுமார் 85 மணி நேரம். தினமும் ராத்திரி ஹோட்டலில் தூக்கம், மசாஜ். ஆனந்தன் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஒரே மூச்சில் மிதித்தார். அவரால் டூரில் ஒரு நாள் தாக்குப்பிடித்திருக்க முடியாது என்பதும் நிஜம்.

இரண்டும் உடம்பிடம் கேட்பது வேறு வேறு. பந்தயத்தில் முதலில் கைவிடுவது நுரையீரலும் கால் தசையும். பல நாள் முயற்சியில் தூக்கம், வயிறு, தோல், குளிர் என எது வேண்டுமானாலும் முதலில் கைவிடலாம். ஆனந்தன் பழகியது வெதுவெதுப்பான பாக் நீரிணை. ஆங்கிலக் கால்வாய் கோடையிலேயே சில்லென்று இருக்கும். 1984 ஆகஸ்ட்டில் அதைக் கடக்க முயன்றபோதுதான் அவர் இறந்தார். தூங்காமல் இருக்கும் சாதனையைக் கின்னஸ் இப்போது கணக்கில் எடுப்பதே இல்லை, உடலுக்கு ஆபத்து என்பதால்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், சில ஆபத்துகள் ப்ரோவை விட நமக்குத்தான் அதிகம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வில், 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. காரணம் தண்ணீர் குடிக்காதது இல்லை, அளவுக்கு மீறிக் குடித்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம். மெதுவாக ஓடுபவர் ஒவ்வொரு ஸ்டாலிலும் நின்று குடிக்கிறார், வியர்ப்பதோ குறைவு. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் அதிகமாகக் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். தலைவலி, வாந்தி, குழப்பம் வந்தால் இன்னும் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவமனைக்குப் போங்க.

சரி, இவர்களை நாடு எந்தக் கணக்கில் வைக்கிறது? நீர், நிலம், வான் சாகசங்களுக்கு டென்சிங் நார்கே விருது, விளையாட்டுக்கு அர்ஜுனா. 1994-ல், 12 வயதில், ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்து மிஹிர் சென்னின் ஐந்தை முறியடித்தார் தமிழ்நாட்டின் குற்றாலீஸ்வரன். அவருக்கு அர்ஜுனா விருதே கிடைத்தது. ஆனால் நீரிணை நீச்சலுக்கு ஒலிம்பிக்கும் கிடையாது, ஆசியப் போட்டியும் கிடையாது, லீக்கும் கிடையாது. துணைக்கு வரும் படகு, பார்வையாளர், விமான டிக்கெட் என ஒவ்வொரு முயற்சிக்கும் புதிதாக ஸ்பான்சர் தேடணும். போதிய பண உதவி கிடைக்காமல் அவர் சில வருடங்களில் நீச்சலை விட்டுவிட்டு இன்ஜினீயரிங் படிக்கப் போனார்.