அச்சில் வார்த்த நாற்படை

தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறிப்பது 'சதுரங்கம்' என்னும் சொல். இச்சொல் வடமொழியிலிருந்து பாரசீகம் சென்று 'சத்ரங்' ஆயிற்று. அரபியரிடம் 'ஷத்ரஞ்ச்' என வழங்கிற்று. ஆட்டமும் அவர்கள் வழியே ஐரோப்பாவை அடைந்தது. 1988இல் விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதையும், 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றதையும், 2024 டிசம்பரில் குகேஷ் உலக வாகையர் பட்டம் வென்றதையும் நம் மாணவர் நன்கறிவர். ஆயினும், விரல்களிடையே நகரும் அக்காய் எவ்வாறு உருவாகிறது என்று வினவினால் விடை கூறுவோர் சிலரே. ரெசின் என்னும் இறுகும் பிசினைச் சிலிக்கோன் அச்சில் வார்த்து, முழுச் சதுரங்கத் தொகுதி ஒன்றை நம் கையாலேயே ஆக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

எவ்வடிவை வார்ப்பது?

இன்று போட்டிகளில் ஆளப்படும் காய்கள் 'ஸ்டாண்டன்' வகையின. 1849இல் இங்கிலாந்தில் பதிவு செய்யப்பெற்ற அவ்வடிவில் குதிரைக்குத் தலையும் பிடரியும் உண்டு. அரசனுக்கு முடியும் அதன்மேல் சிலுவையும் உண்டு. அதற்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் முற்பட்ட வேறொரு வடிவமும் நமக்குக் கிடைத்துள்ளது. ஈரான் நாட்டு நிஷாப்பூரைச் சார்ந்த பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சதுரங்கத் தொகுதி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் உள்ளது. கவிஞரும் கணித அறிஞருமான உமர் கய்யாம் பிறந்து, 1131இல் மறைந்த ஊரும் நிஷாப்பூரே.

அத்தொகுதியில் மனித உருவமோ விலங்குருவமோ இல்லை. ஷாஹ் என்னும் அரசன் ஓர் அரியணையாக நிற்கிறான். ஃபிர்ஸ் என்னும் அமைச்சனும் அரியணையே, அளவில் சிறியது. இவ்வமைச்சனே பின்னாளில் ஐரோப்பாவில் அரசியாக மாறினான். ஃபீல் என்னும் யானைக்கு வட்ட அடியும், தந்தங்களை நினைவூட்டும் இரு சிறு புடைப்புகளும் உண்டு. குதிரையின் தலையை ஒரு முக்கோண முனைப்பு காட்டுகிறது. ருக் என்னும் தேர், உச்சியில் ஆப்புப் போன்ற அமைப்புடைய நீள்சதுரக் கட்டை. பைதக் என்னும் காலாள், குமிழுடன் கூடிய பட்டை தீட்டிய சிறு குவிமாடம். நம் ஊரில் மூலைக் காயை யானை என்றும், அரசனையும் அரசியையும் அடுத்து நிற்பதை மந்திரி என்றும் வழங்குகிறோம். ஷத்ரஞ்சிலோ மூலையில் நிற்பது தேர். நாம் மந்திரி என்னும் காயின் இடத்தில் நிற்பதே யானை. இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டால் மேல்வருவன தெளிவாகும்.

உயிருருவங்களை ஆக்குவதில் முஸ்லிம்கள் காட்டிய தயக்கமே இவ்வெளிய வடிவங்களுக்குக் காரணம் என்பர் ஒரு சாரார். ஒரே வடிவைப் பலவாகச் செய்வது எளிது என்பதும் காரணமாதல் கூடும். அக்காய்களும் அச்சில் வார்க்கப்பெற்றவையே என்பது ஈண்டு எண்ணத்தக்கது. குவார்ட்ஸ் கல்லின் நுண்பொடியோடு கண்ணாடித் தூளும் சிறிது வெண்களிமண்ணும் சேர்த்த கல்பசையை அச்சிலிட்டு, ஒரு பக்கத்துக் காய்களுக்குப் பசுநீல மெருகும் மறுபக்கத்துக்கு ஊதா மெருகும் ஏற்றிச் சுட்டனர். செம்பு பசுநீலத்தையும் மாங்கனீசு ஊதாவையும் தந்தன. நாம் கைக்கொள்ளப் போவதும் இந்நிஷாப்பூர் வடிவையே.

ஆட்டம் ஆகுமா என்று பெரியோர் வினவுதல் இயல்பே. இதில் சட்ட அறிஞரிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. பந்தயமின்றியும் தொழுகை தவறாமலும் ஆடுவதை ஷாபிஈ மத்ஹபு அறிஞர் பலர் 'மக்ரூஹ்' என்ற அளவில் நிறுத்தினர். பிற மத்ஹபு அறிஞர் பலர் தடுத்தே உரைத்தனர். அதே காலத்தில் அல்அத்லீ, அஸ்ஸூலீ போன்றோர் இவ்வாட்டத்தைப் பற்றி நூல்களும் இயற்றினர். தீர்ப்புக் கூறுதல் நம் பணியன்று. ஆயினும், உருவம் பற்றிய தயக்கம் உடையவரும் ஏற்கத்தக்க ஒரு வடிவை நம் முன்னோரே வகுத்து வைத்துள்ளனர் என்பதை மாணவர் அறிதல் வேண்டும்.

மூலவுரு

ஒரு தொகுதியில் காய்கள் 32; வடிவங்களோ ஆறே. ஆதலின் ஆறு மூலவுருக்கள் போதும். அரசனுக்கு 5 செ.மீ. உயரமும் 3 செ.மீ. அடிவிட்டமும் கொள்வோம், ஏனையவற்றைப் படிப்படியாகக் குறைத்துக் காலாளை 3 செ.மீ. உயரத்தில் நிறுத்துவோம். பலகையின் ஒவ்வொரு கட்டமும் 4 செ.மீ. பக்கமுடையதாக இருக்கலாம். வட்ட வடிவானவற்றைக் கடைசல் பட்டறையில் கடைந்து பெறலாம். தேரையும் முனைப்புகளையும் கத்தியால் செதுக்கி ஒட்டலாம்.

மரத்தின் நுண்துளைகளில் சிலிக்கோன் புகுந்து பற்றிக்கொள்ளும். எனவே உப்புத்தாளால் நன்கு தேய்த்து, இருமுறை வார்னிஷ் பூசி, முழுவதும் உலரவிடுதல் வேண்டும். விரல்ரேகையையும் விடாமல் படியெடுப்பது சிலிக்கோனின் இயல்பு. காலாளின் மூலவுருவில் உள்ள ஒரு கீறல் பதினாறு காலாள்களிலும் தோன்றும். பதினாறையும் பின்னர்த் தேய்ப்பதினும் ஒன்றை முன்னர்த் தேய்ப்பதே அறிவுடைமை.

அச்சு

சிலிக்கான் என்னும் தனிமம் வேறு. அதிலிருந்து ஆக்கப்படும் சிலிக்கோன் ரப்பர் வேறு. அச்சுக்குரிய சிலிக்கோன் குழம்பாகக் கிடைக்கும்; அதற்குரிய மற்றொரு பகுதியைச் சேர்த்துக் கலந்தால் அறை வெப்பத்திலேயே ரப்பராக இறுகும். வெள்ளீயச் சேர்மத்தால் இறுகுவது ஒருவகை. பிளாட்டினத்தால் இறுகுவது மற்றொரு வகை. பின்னது மிகக் குறைவாகவே சுருங்கும். ஆனால் கந்தகம் கலந்த களிமண்ணோ ரப்பர்ப் பாலில் செய்த கையுறையோ பட்டால் இறுகாமல் பிசுபிசுக்கும். தொடக்க நிலையினர்க்கு முன்னதே ஏற்றது.

மூலவுருவின் அடியை ஒரு வழவழப்பான தகட்டில் ஒட்டுக. அதனைச் சுற்றி 5 செ.மீ. உள்விட்டமும் 6 செ.மீ. உயரமும் உள்ள குழாய்த் துண்டை நிறுத்தி, அடிச்சந்தைக் களிமண்ணால் அடைத்திடுக. அப்போது காயின் அடியைச் சுற்றி ஒரு செ.மீ. இடைவெளி இருக்கும்; தலைக்கு மேலும் அவ்வளவே. குழாயின் கொள்ளளவு ஏறத்தாழ 118 கன செ.மீ.; அரசனின் பருமன் 27 கன செ.மீ. எனக் கொண்டால் எஞ்சுவது 91. இதற்குச் சிலிக்கோன் 100 கிராமுக்குச் சற்று மிகுதியாக வேண்டும். இவ்வாறு முன்னரே கணக்கிட்டால் விலையுயர்ந்த பொருள் வீணாகாது.

கலந்த சிலிக்கோனை முதலில் தூரிகையால் காயின்மேல் மெல்லப் பூசுக. பின்னர்க் குழாயின் ஓர் ஓரத்தில், ஒரே இடத்தில், நூல்போல் ஊற்றுக. குழம்பு கீழிருந்து மேலேறும்போது காற்றை முன்னே தள்ளிச் செல்லும். பரவலாக ஊற்றினாலோ காற்று உள்ளே சிறைப்படும். பெரும்பாலும் ஒரு நாளில் இறுகிவிடும். குழாயை நீக்கி மூலவுருவை உருவினால் அச்சு கிடைக்கும். காயின் அடி இருந்த இடமே அச்சின் வாய்.

நிஷாப்பூர் வடிவின் சிறப்பு இங்கே புலனாகும். அடி அகன்று மேலே ஒடுங்கும் காய், ஒற்றை அச்சிலிருந்து தடையின்றி வெளிவரும். தந்தம் போன்ற சிறு புடைப்புகளுக்கு ரப்பர் வளைந்து இடங்கொடுக்கும். ஸ்டாண்டன் குதிரையின் தாடைக்கடியில் உள்ள குழிவில் அச்சு கௌவிக்கொள்ளும். ஆதலின் அச்சின் ஒரு பக்கத்தை நெளிகோடாகக் கீறி, வார்க்கும்போது ரப்பர் வளையங்களால் இறுக்க வேண்டிவரும்.

ரெசின்

வார்ப்புக்கு எபாக்சி ரெசின் ஏற்றது. ரெசின், ஹார்டனர் என இரு பகுதிகளாக அது விற்கப்படுகிறது. எபாக்சி இறுகுவது உலர்வதால் அன்று. இரு பகுதிகளின் மூலக்கூறுகளும் ஒன்றோடொன்று பிணைவதால். ஒவ்வொன்றுக்கும் உரிய இணை வேண்டும். ஹார்டனரை மிகுத்தால் விரைவில் இறுகும் என்பது தவறான எண்ணம். இணையற்ற பகுதி எஞ்சிக் காய் மென்மையாகவே நின்றுவிடும். தயாரிப்பாளர் குறித்த விகிதம் கன அளவைச் சார்ந்ததா எடையைச் சார்ந்ததா என்பதையும் நோக்குதல் வேண்டும். இரு பகுதிகளின் அடர்த்தியும் ஒன்றல்ல.

நிறப்பசையை ரெசினில் முதலில் சேர்த்துவிட்டு, பின்னர் ஹார்டனரை ஊற்றி, கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து மெதுவாகக் கலக்குக. வேகமாகக் கலக்கினால் குமிழிகள் பெருகும். ஒரு பக்கத்துக்குப் பசுநீலமும் மறுபக்கத்துக்கு ஊதாவும் கொண்டால் நிஷாப்பூரின் வண்ணங்களும் நம் பலகையில் இடம்பெறும்.

வார்க்கும்போது காய் தலைகீழாக இருப்பதால் தந்தங்களின் நுனி அச்சின் அடியாழத்தில் இருக்கும். காற்று தங்குவதும் அங்கேயே. முதலில் சில துளிகளை விட்டு, ஒரு குச்சியால் அந்நுனிகளில் தடவி, அதன்பின் அச்சை நிரப்புக. ஒரு நாள் கழித்து எடுக்கலாம். முழு வலிமை பெற ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். இறுகிய பின் அடியைச் சமன்செய்து வெல்வெட் துணி ஒட்டினால் காய் ஓசையின்றி நகரும்.

எத்தனை முறை வார்ப்பது?

ஒவ்வொரு வடிவுக்கும் ஓர் அச்சே இருப்பின், காலாளுக்காக மட்டும் பதினாறு முறை வார்க்க நேரும். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. முதலில் ஒற்றைக் காலாள் அச்சில் மூன்று காய்களை வார்த்து நன்கு இறுகவிடுக. மரத்தாலான மூலவுருவோடு அம்மூன்றையும் ஒரு பெட்டியில் வரிசையாக ஒட்டி, நான்கு குழிகளுடைய புதிய அச்சை எடுக்கலாம். இனி ஒருமுறை வார்த்தால் அரசன், அமைச்சன், யானை, குதிரை, தேர் ஒவ்வொன்றும் காலாள் நான்கும் கிடைக்கும். மறுமுறை அரசனையும் அமைச்சனையும் விடுத்து வார்த்தால் ஒரு பக்கத்தின் பதினாறு காய்களும் நிறைவுறும். இரு பக்கத்துக்கும் நான்கு வார்ப்புகள் போதும். ஒரு வார்ப்புக்கு ஏறத்தாழ 150 கன செ.மீ. ரெசின் தேவைப்படும், இரண்டுக்கு ஒன்று என்னும் கன விகிதமாயின் ரெசின் 100, ஹார்டனர் 50.

காப்பு

இறுகாத எபாக்சி தோலில் மீண்டும் மீண்டும் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். ஒருமுறை வந்தால் அது வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். நைட்ரைல் கையுறை அணிதலும் காற்றோட்டமான இடத்தில் அமர்தலும் இன்றியமையாதன. தோலில் பட்டால் சோப்பு நீரால் கழுவுக. தின்னர் கொண்டு துடைத்தல் ஆகாது. கலவை இறுகும்போது வெப்பத்தை வெளியிடும். கிண்ணத்தில் மிகுதியாக வைத்திருந்தால் புகையும் அளவுக்குச் சூடேறும். நம் கோடையில் இவ்விடர் மேலும் பெருகும். ஆதலின் அவ்வப்போது வேண்டிய அளவே கலத்தல் நன்று. காயைத் தேய்க்கும்போது நீரில் நனைத்துத் தேய்த்தால் தூசு பறவாது. முகக்கவசமும் அணிதல் வேண்டும். எஞ்சிய குழம்பைச் சாக்கடையில் ஊற்றாமல் இறுகவிட்டு அகற்றுக. இறுகிய எபாக்சியை மெழுகைப்போல் உருக்கி மீண்டும் வார்க்க இயலாது. பழுதான காய் குப்பையாகவே எஞ்சும் என்பதை நினைவிற் கொண்டு தொடங்குதல் வேண்டும்.

விரலால் காண்போர்க்கு

கடையில் காய்கள் மலிவாகக் கிடைக்க, இத்துணை உழைப்பு எதற்கு என்று சிலர் வினவலாம். பார்வையற்றோர் ஆடும் சதுரங்கத்தை எண்ணினால் அதற்கு விடை கிடைக்கும். பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிகளின்படி அவர்தம் பலகையில் கருங்கட்டங்கள் சற்றே உயர்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை இருக்கும். ஒவ்வொரு காயின் அடியிலும் அத்துளையில் பொருந்தும் முளை இருக்கும். கருங்காய்களுக்குத் தனி அடையாளம் இருக்கும். இத்தகைய தொகுதி எல்லாக் கடைகளிலும் கிடைப்பதன்று.

நம் அச்சில் இதனை ஆக்குவது அரிதன்று. ரெசின் இறுகுமுன் அச்சின் வாயில் ஒரு பித்தளை ஆணியைத் தலைகீழாக நிறுத்தினால் ஆணித்தலை உள்ளே பிடிபடும். வெளியே நீள்வது முளையாகும். இக்காய்களுக்கு அடியில் துணி வேண்டா. ஊதாக் காய்களின் உச்சியில் ஒரு சிறு மணியை ஒட்டினால் பக்கத்தை விரலே அறியும். இரு தந்தம், முக்கோண முனைப்பு, நீள்சதுரக் கட்டை என்று நிஷாப்பூர் வடிவங்கள் தொட்ட அளவிலேயே வேறுபடுகின்றன. அரசனும் அமைச்சனும் மட்டுமே வடிவில் ஒத்தவை; அமைச்சனின் உயரத்தை ஒரு செ.மீ. குறைத்துவிட்டால் அம்மயக்கமும் நீங்கும்.

நம் வகுப்புகளில் பார்வையற்ற மாணவரும் பயில்கின்றனர். ஓய்வு வேளையில் பிறர் ஆடும்போது அவர் ஒதுங்கியிருக்கும் நிலை மாறுவதற்கு ஆறு மூலவுருக்களும் ஆறு அச்சுகளும் சில நாள் பொறுமையுமே தேவை. விடுமுறையில் மாணவர் சிலர் ஒன்றுகூடி ஒரு தொகுதியை வார்த்து நூலகத்தில் வைப்பாராக. அச்சு இருக்கும்வரை இரண்டாவது தொகுதிக்குப் புதிதாக எதனையும் செதுக்க வேண்டியதில்லை; அதனை அண்டையிலுள்ள பார்வையற்றோர் பள்ளிக்கு வழங்கலாம், இன்ஷா அல்லாஹ்.