நாற்காலி உண்டு, நாவும் வேண்டும்!

கூலியைப் பற்றிப் பேசக் கூட்டம் கூடுகிறது. முதலாளி இருக்கிறார், மேலாளர் இருக்கிறார், கணக்கர் இருக்கிறார், வழக்கறிஞரும் இருக்கிறார். உழைப்பவன் மட்டும் இல்லை! பேச்செல்லாம் அவனைப் பற்றித்தான்; தீர்ப்பெல்லாம் அவன் வயிற்றைப் பற்றித்தான்; ஆனால் அவனோ வாயிலுக்கு வெளியே! ஒப்புவோமா நாம்? ஒப்பமாட்டோம் என்று சொல்லித்தானே சங்கம் கண்டோம், மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு அமர்ந்தோம்!

அதே கேள்வியை ஒரு பள்ளி மாணவனுக்காகக் கேட்டுப் பாருங்கள், தோழர்களே! பார்வை குன்றியவன், செவி கேளாதவள், எழுத்துக் கூட்டிப் படிக்கவே பெரும்பாடு படுகிறவன் – இவர்களுக்கு எதை, எப்படிக் கற்றுத் தருவது என்று பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்கள். அந்த மேசையிலே அந்த மாணவனுக்கு இடம் உண்டா? 'உண்டு' என்கிறது அமெரிக்க நாட்டுச் சட்டம்.

டாலர் நாடல்லவா, தாராளமாகத் தந்திருப்பார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். தரவில்லை, பெற்றார்கள்! 1954-இல், நிறத்தைக் காட்டிப் பள்ளியைப் பிரிப்பது செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கறுப்பின மக்கள் கண்ட வெற்றியைப் பார்த்து, ஊனத்தைக் காட்டி விரட்டப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் கேட்டார்கள்: "நிறத்தைக் காட்டி விலக்குவது தவறு என்றால், எங்கள் பிள்ளையின் குறையைக் காட்டி விலக்குவது மட்டும் சரியா?" பென்சில்வேனியாவிலும் தலைநகர் வாஷிங்டனிலும் வழக்குகள் எழுந்தன, 1972-இல் வெற்றி கிடைத்தது. 1975 நவம்பர் 29-இல் குடியரசுத் தலைவர் ஃபோர்டு கையொப்பமிட, அது நாடு முழுமைக்குமான சட்டமாயிற்று. அன்று அந்நாட்டு நாடாளுமன்றமே எழுதி வைத்த கணக்கு என்ன தெரியுமா? உடல், உள்ளக் குறைபாடுள்ள பிள்ளைகள் 80 லட்சத்துக்கும் மேல். அவர்களிலே பள்ளியின் படியையே மிதிக்க விடாமல் தடுக்கப்பட்டோர் 10 லட்சம்! செல்வம் கொழிக்கும் சீமையின் இலட்சணம் அது!

இன்று அங்கே 75 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இந்தச் சட்டத்தின் நிழலிலே படிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு கல்வித் திட்டம். அதை வகுக்க ஆண்டுக்கு ஒரு முறையேனும் கூட்டம் கூடியாக வேண்டும். ஐ.இ.பி. கூட்டம் என்பது அதன் பெயர்.

அங்கே மாணவன் யார் யாரைக் காண்பான்? தன் பெற்றோர், வகுப்பு ஆசிரியர், சிறப்பாசிரியர், சோதனை முடிவுகளை விளக்கத் தெரிந்தவர், 'இந்த உதவியைத் தருகிறோம்' என்று உறுதி கூற அதிகாரம் படைத்த கல்வித்துறைப் பேராளர். பெற்றோர் விரும்பினால், பிள்ளையை அறிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம். ஆங்கிலம் அறியாத பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளரைப் பள்ளிதான் ஏற்பாடு செய்ய வேண்டும். பாத்திரம் கழுவிப் பிழைக்கும் தாயானாலும், அவள் மொழியிலே அவளுக்கு விளங்கியாக வேண்டும் என்பது விதி!

பேச்சு எப்படிப் போகும்? பிள்ளை இன்று எந்த நிலையிலே இருக்கிறான் என்பது முதலில். ஓராண்டிலே எதை எட்ட வேண்டும், எட்டினானா என்பதை எப்படி அளப்பது என்பது அடுத்து. அதற்கு என்ன உதவி, வாரத்திலே எத்தனை முறை, எவ்வளவு நேரம், எந்த இடத்தில் என்பது அதற்கடுத்து. தேர்விலே கூடுதல் நேரமா, பெரிய எழுத்திலே வினாத்தாளா என்பதும் பேசப்படும். மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதுதான் பொது விதி. பிரித்து வைப்பதானால் காரணம் காட்ட வேண்டும். எல்லாம் எழுத்திலே வரும். எழுதாத வாக்குறுதி எத்தனை நாள் நிற்கும் என்பதை ஆலை வாயிலிலே நின்றவர்களுக்கு நாம் சொல்ல வேண்டுமா?

மாணவன் 16 வயதை எட்டும்போது திட்டத்திலே புதிய பகுதி ஒன்று சேர்கிறது. சில மாநிலங்களில் 14 வயதிலேயே. பள்ளிக்குப் பிறகு என்ன? மேற்படிப்பா, தொழிலா, தனித்து வாழும் பயிற்சியா? இதைப் பேசும் கூட்டத்துக்கு மாணவனை அழைத்தே தீர வேண்டும். அவன் வர இயலாவிட்டால், அவன் விருப்பத்தை வேறு வழியிலே அறிந்தாக வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் 18 வயதானதும் பெற்றோரிடமிருந்த உரிமை மாணவன் கைக்கே மாறும். அதை ஓராண்டு முன்பே அவனுக்கு அறிவித்துவிட வேண்டும்.

பள்ளி சொல்வதை ஏற்கப் பெற்றோருக்கு மனமில்லை என்றால்? சமரசப் பேச்சு உண்டு. நடுவர் முன் விசாரணை உண்டு. வழக்கு முடியும் வரை பிள்ளையை இருக்கும் இடத்திலிருந்து நகர்த்தக் கூடாது. தகராறு தீரும் வரை வேலையிலிருந்து நீக்காதே என்று நாம் கேட்கிறோமே, அதே நியாயம்!

அப்படியானால் அங்கே எல்லாம் நலமா? இல்லை, தோழர்களே! கல்வியாளர் பேசும் கலைச்சொற்களின் மழையிலே நனைந்து, வாய் திறக்காமலே எழுந்து போகும் பெற்றோர் அங்கேயும் உண்டு. இரு தரப்புக்கும் ஏற்ற நேரத்திலே கூட்டம் வைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், ஒரு நாள் கூலியை இழந்து வருகிறவனுக்கும் சம்பளத்தோடு வந்து அமர்கிறவருக்கும் நடுவே சமநிலை எங்கே? இந்தச் சட்டத்தால் வரும் கூடுதல் செலவுக்காக, ஒரு மாணவனுக்கு ஆகும் சராசரிச் செலவிலே 40 விழுக்காடு வரை மைய அரசு தரும் என்று 1975-இல் சொன்னார்கள். அந்த அளவு ஒரு நாளும் வந்து சேரவில்லை. பிள்ளை ஏதோ கொஞ்சம் முன்னேறினால் போதாதா என்று வாதாடிய பள்ளி நிர்வாகமும் உண்டு. போதாது, அவன் நிலைமைக்கு ஏற்ற முன்னேற்றம் வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புக் கூறியது. அந்த ஒரு வரியைப் பெறுவதற்கே 42 ஆண்டுகள்!

ஆகவே மாணவனுக்கு நாம் சொல்வது இது: நாற்காலி கிடைத்தது பாதி வெற்றி, நா எழுந்தால்தான் மீதி. எது கடினம், எது உதவுகிறது, என்னவாக விரும்புகிறாய் – இந்த மூன்றையும் முன்கூட்டியே எழுதிக்கொண்டு போ. விளங்காத சொல் வந்தால் நிறுத்திக் கேள். பேச்சு வராதென்றால் எழுதிக் காட்டு, படம் வரைந்து காட்டு. உன்னைப் பற்றி உன்னைவிட அறிந்தவர் அந்த மேசையிலே வேறு எவரும் இல்லை!

இங்கே நமக்கு இதிலே என்ன வேலை என்று கேட்கலாம். 'மாற்றுத் திறனாளிகள்' என்று பெயர் சூட்டி, சொல்லிலேயே சுயமரியாதையைக் கலைஞர் ஏற்றிவைத்த நாடு இது. உள்ளாட்சி மன்றங்களிலே அவர்களுக்கு நியமன இடம் அளிக்க 2025-இல் சட்டம் செய்த மாமன்றமும் நம்முடையதே. மன்றத்திலே இடம் தந்த நாம், வகுப்பறை பற்றிய பேச்சிலே வாய்ப்பூட்டுப் போடலாமா? 2016-ஆம் ஆண்டு மையச் சட்டப்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. உங்கள் தெருவிலே அப்படி ஒரு பிள்ளை இருப்பான். அவன் தாயோடு துணைக்குப் பள்ளி வரை செல்லுங்கள். சென்றதும், ஆசிரியரைக் கேட்கும் முன்பு, அதிகாரியைக் கேட்கும் முன்பு, அந்தப் பிள்ளையைக் கேளுங்கள்: "உனக்கு என்ன வேண்டும், தம்பி?"

அவன் சொல்வதை எழுதி வாங்குங்கள். எழுதியது நிறைவேறும் வரை, விடாதீர்கள்!