ஒரு திருகாணியின் கதை

அடையாறு திரு.வி.க. பாலத்தின் மீது பழைய தண்ணீர் லாரி ஏறுகையில் கக்கும் கரும்புகையை நேயர்கள் கண்டிருப்பார்கள். பளுவே காரணம் என்று நாமும் எண்ணியிருந்தோம். பம்பைத் திருகியும் அப்புகையை வரவழைக்கலாமாம்!

1927-ல் ஜெர்மனியில் பாஷ் கம்பெனி பெருவாரியாகச் செய்யத் தொடங்கிய டீசல் பம்ப், ஒவ்வொரு சிலிண்டருக்கும் எண்ணெயை அளந்து தள்ளுவது. அளவு மிஞ்சாதிருக்க ஒரு திருகாணி வைத்து முத்திரையிடுவார்கள். முத்திரையை உடைத்துத் திருகினால் எண்ணெய் கூடும். வண்டிக்குச் சற்று வலுவும் கூடும். (ஆசை யாரை விட்டது!) ஆனால் எஞ்சின் இழுக்கும் காற்று பழைய அளவுதான். எரியாத மிச்சம் கரியாகிறது. சூடு மிஞ்சிப் பிஸ்டன் உருகுவதும் உண்டு. அந்த நஷ்டம் முதலாளிக்கு.

டீசல் புகை புற்றுநோய் விளைவிக்கும் என்று 2012-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் தீர்மானித்தது. பாலத்தோரம் பள்ளிக்கூடம் நடக்கும் பிள்ளைகளோ அந்தத் திருகாணியைக் கண்டதுகூட இல்லை.