கோடைக்காலச் சாலையோரப் பூக்களும் கத்தரித் தோட்டமும்

சித்திரை, வைகாசி மாதங்களில் வேலூர், ஆம்பூர்ப் பகுதிகளின் வெயிற்கொடுமை யாவரும் அறிந்ததே. ஏரிகள் வற்றி, பாலாறு வெறும் மணற்பரப்பாய்க் கிடக்கும் அக்காலத்திலும், அதிகாலையில் அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கத்து வண்டிப்பாதைகளில் நடப்போர் கண்ணுக்கு விருந்து குறைவதில்லை. கொன்றை பொற்சரங்களைத் தொங்கவிடும். புங்கின் அடியில் உதிர்ந்த பூக்கள் பொரி பரப்பினாற்போற் காணும். ஏரிக்கரையின் ஈரத்தில் பொடுதலை சிறு வெண்பூக்களுடன் படர்ந்திருக்கும். நீர் எஞ்சிய மடுக்களில், இரவில் மலர்ந்த ஆம்பல் வெயில் ஏறும்வரை குவியாது நிற்கும். இவை எல்லாவற்றிலும் மிகுதியாய், சரளை நிலத்திலும் வாய்க்கால் மேட்டிலும் மஞ்சட் பூவுடன் விளங்குவது ஆவிரையே.

தோற்றொழிலும் ஆவிரையும்

இப்பகுதியின் தோற்றொழிலுக்கு முற்காலத்தில் ஆதாரமாயிருந்தது இச்செடியே. துவர்ப்புச் சத்து மிகுந்த இதன் பட்டையைக் கொண்டே தோல்கள் பதனிடப்பட்டன. பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை இறக்குமதியாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் சோதித்துப் பரப்பிய குரோம் முறையும் நாளடைவில் வேரூன்றியது. அதன்பின் ஆவிரையைத் தேடுவோர் குறைந்தனர். தொழிற்சாலைக் கழிவுநீரால் நிலங்கள் கெட்ட வரலாற்றைக் குடியானவர்கள் மறந்திரார். தோற்பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதென்ற ஆய்வுக் கணக்கை, உச்சநீதிமன்றம் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துக் கூறியிருக்கின்றது. எஞ்சிய நல்ல நிலத்தின் விளைவைப் பேணுதல் இதனால் இருமடங்கு அவசியமாகின்றது.

பூவை அதிர்த்தும் வண்டுகள்

ஆவிரைப் பூவில் தேன் இல்லை. மகரந்தம் மாத்திரமே உண்டு. அதுவும் மகரந்தப் பையின் நுனியிலுள்ள சிறு துளை வழியாகவே வெளிப்படும். மரத்தைத் துளைத்துக் கூடு செய்யும் கரிய பெருவண்டும், மண்கரையில் வளை தோண்டும் நீலப் பட்டையுடைய தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு, உடலை அதிர்த்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. காலையில் செடியருகே சற்று நின்றால் அந்த ரீங்காரம் தெளிவாகக் கேட்கும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இவ்வித்தை வாராது.

கத்தரிப் பூவின் அமைப்பும் இத்தகையதே. காற்றசைவினாலும் ஓரளவு மகரந்தம் உதிருமாயினும், வண்டு அதிர்த்த பூவே நன்கு காய்பிடிக்கும். இப்பகுதியில் இலவம்பாடி முள்ளுக்கத்தரியின் பெருமையைக் கூறவேண்டுவதில்லை. வேலூர் முள்ளுக்கத்தரி என்னும் பெயரில் அது 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. தோட்டத்திற் கத்தரி பூவாத நாட்களிலும் இவ்வண்டுகள் உயிர்வாழ வேண்டுமன்றோ? அந்நாட்களில் அவற்றிற்கு உணவளிப்பவற்றுள் ஆவிரை முக்கியமானது. களை என்றெண்ணிப் பாதையோரத்தை அடியோடு வெட்டித் தீயிடுவோர், தம் கத்தரியின் துணைவரையே பட்டினியிடுகின்றனர்.

செய்யத்தக்கவை

1. பாதையோரங்களையும் ஏரிக்கரைகளையும் செப்பனிடும்போது, போக்குவரத்திற்கும் மதகிற்கும் இடையூறாயுள்ள செடிகளை மட்டும் அகற்றுக. ஒரே சமயத்தில் இருபுறமும் வெட்டாது, ஒரு பக்கம் பூத்தோய்ந்த பின்னர் மறுபக்கம் வெட்டுதல் நலம். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சியாரும் இதனைக் கவனித்தல் வேண்டும்.

2. ஆவிரையைத் தழையுரத்திற்கு வெட்டுவோர் வேரைப் பறித்தலாகாது. அடிக்கட்டையை விட்டால் மீண்டும் தளிர்க்கும். ஆடுமாடுகள் இதனை விரும்பி மேயாவாதலால் காவலும் வேண்டுவதில்லை.

3. முற்றிய காய்களைச் சேர்த்து, விதையை வெந்நீரிலிட்டு ஓரிரவு ஊறவைத்து, மழைத் தொடக்கத்தில் வரப்போரங்களில் விதைக்கலாம்.

4. பட்டுப்போன மரக்கிளை சிலவற்றையும், உழாத மண்கரையையும் தோட்டத்தருகே விட்டுவைத்தால் வண்டுகள் அங்கு கூடு செய்யும்.

5. காய்த்துளைப்பானுக்கு மருந்து தெளிப்பது அவசியமாயின் மாலை வேளையிலேயே தெளிக்க. காலை வண்டுகள் நடமாடும் நேரம்.

அழகிய பூக்கள் யாவும் நன்மை செய்வன அல்ல என்பதையும் மறத்தலாகாது. ஊதா நிறப் பூவுடன் ஏரியை மூடும் ஆகாயத்தாமரையும், கரையோரத்தில் இளஞ்சிவப்பாய்ப் பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. நீர்வழியை அடைக்கும் இவற்றை, ஏரி வற்றிய கோடையிலேயே வேரோடு களைதல் எளிது.

ஆவிரை பூத்த ஊரில் சாவுக்கு இடமில்லை என்னும் கருத்துடைய பழமொழி மருந்தைக் குறித்து எழுந்ததாயினும், பயிருக்கும் பொருந்தும். இக்கோடையில் ஒருநாட் காலை, தம் நிலத்தையடுத்த பாதையில் ஒரு நாழிகை நின்று, எப்பூவில் எவ்வண்டு அமர்கின்றதென ஒவ்வொருவரும் நோக்குவாராக. பார்த்து மகிழ்ந்த பூவை வெட்டக் கை எழாது.