எத்தனை நாளா காய்ச்சல்?

பங்சார் பாருவில் ஜாலான் தெலாவி பக்கம் போனால், கடைவீடுகளுக்கு நடுவே ‘கிளினிக்’ என்ற பலகை கண்ணில் படும். உடம்பு சரியில்லாமல் அங்கே போய் உட்கார்ந்தால், டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்பார். “எத்தனை நாளா காய்ச்சல்?”

அம்மா “ரெண்டு மூணு நாளா” என்பார். அப்பா “நேத்துலேருந்துதானே” என்பார். டாக்டர் விடமாட்டார். எந்தக் கிழமை, காலையா ராத்திரியா என்று துருவுவார். சும்மா பேச்சுக் கொடுக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தச் சோதனை செய்வது என்பதே அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

டிங்கிக் காய்ச்சலைப் பாருங்கள். நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் காய்ச்சல் என்று போய் நின்றால் டாக்டர் அதை மறக்கவே மாட்டார். டிங்கி வைரஸ் உடம்பில் பெருகும்போது, என்எஸ்1 என்ற புரதம் இரத்தத்தில் கலக்கிறது. முதல் சில நாட்களில் சோதித்தால் அது சிக்கும். போகப் போகக் குறைந்துவிடும். வைரஸை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருளோ 5ஆம் நாள் வாக்கில்தான் தலைகாட்டும். 2ஆம் நாளில் போய் எதிர்ப்பொருளைத் தேடினால் ‘இல்லை’ என்றே முடிவு வரலாம். நோய் உள்ளே இருக்கும், தாளில் இருக்காது!

இன்னொரு விஷயமும் உண்டு. காய்ச்சல் இறங்கினால் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் டிங்கியில் கவனமாக இருக்க வேண்டிய நேரமே அதுதான். பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில், சூடு தணியும்போது, சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசிய ஆரம்பிக்கும். இரத்தம் கெட்டிப்படும். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் குறையும். டாக்டர் “நாளைக்கும் வாங்க, இரத்தம் பார்க்கணும்” என்று சொல்வது இந்த இரண்டையும் கண்காணிக்கத்தான். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், எழுந்திருக்க முடியாத சோர்வு இவற்றில் ஏதாவது வந்தால் ‘நாளை’ வரை காத்திருக்கக் கூடாது. நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி கேட்டே இவ்வளவு கண்டுபிடிக்க முடியுமா? 1975இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் சில டாக்டர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 80 புதிய நோயாளிகளில் 66 பேருக்கு, உடம்பைத் தொட்டுப் பார்க்கும் முன்பே, அவர்கள் சொன்னதையும் அவர்களை அனுப்பிய டாக்டரின் கடிதத்தையும் வைத்தே நோய் இன்னதென்று சரியாகச் சொல்லிவிட்டார்களாம். ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் பிறகுதான்.

அடுத்து, “எங்கேயாச்சும் போனீங்களா?” என்று கேட்பார். கொசு கடித்து 4 முதல் 10 நாள் கழித்துத்தான் டிங்கிக் காய்ச்சல் தொடங்குகிறது. ஆகவே போன வாரம் கிள்ளானில் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தால் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். கொசு பங்சாரில் கடித்ததா, பாட்டி வீட்டுப் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் கடித்ததா என்று யாருக்குத் தெரியும்?

இப்படி இடத்தையும் நோயையும் சேர்த்து யோசித்த டாக்டர் ஒருவர் அதே கிள்ளானில் இருந்தார். பெயர் மால்கம் வாட்சன். 1901இல் அவர் அங்கே அரசாங்க டாக்டராக வந்தபோது மலேரியா ஊரையே படுக்கவைத்திருந்தது. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி இருப்பதை ரொனால்ட் ரோஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்து அப்போது 4 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வாட்சன் மருந்து கொடுத்ததோடு நிற்கவில்லை. சதுப்பு நிலத்து நீரை வடித்துவிட வாய்க்கால்கள் வெட்டவைத்தார். கொசு முட்டையிட இடமில்லாமல் போனது, மலேரியாவும் குறைந்தது. இன்று போர்ட் கிள்ளான் என்கிறோமே, அந்தத் துறைமுகம் பிழைத்ததில் அவர் பங்கு பெரிது.

இப்போது மலேசியாவில் டிங்கி என்று சந்தேகம் வந்தாலே டாக்டர் 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதன்பிறகு அதிகாரிகள் வந்து பூந்தொட்டித் தட்டு, வாளி என்று தேங்கிய நீரைத் தேடுவார்கள். சுற்றிலும் சுமார் 200 மீட்டர் வரை புகையடிப்பார்கள். டாக்டர் முகவரியைச் சரியாகக் கேட்டு எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

“வீட்டில் என்ன கொடுத்தீங்க?” என்பது மூன்றாவது கேள்வி. இதற்கு வாயால் பதில் சொல்வதைவிட மருந்துப் புட்டியையே கொண்டுபோவது நல்லது. ஏன் என்று ஒரு கணக்கில் பார்ப்போம். பிள்ளைகளுக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம். உங்களை முதலில் தராசில் ஏறச் சொல்வது அதற்குத்தான். 24 கிலோ உள்ள பிள்ளைக்கு 240 முதல் 360 மில்லிகிராம் வரும். கடையில் ஒரு சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் இருக்கும். இன்னொன்றில் 250 இருக்கும். முதல் புட்டியில் 10 மில்லிலிட்டர் குடித்தால் 240தான். இரண்டாவது புட்டியில் அதே 10 மில்லிலிட்டர் குடித்தால் 500! “ரெண்டு ஸ்பூன் கொடுத்தோம்” என்று மட்டும் சொன்னால் டாக்டருக்கு என்ன புரியும்? (கணக்கு உங்களுக்கு, அளவை முடிவு செய்வது டாக்டர், ஊற்றிக் கொடுப்பது பெரியவர்கள்.)

பக்கத்து வீட்டு ஆன்ட்டி அரைத்துக் கொடுத்த பப்பாளி இலைச் சாற்றையும் மறைக்க வேண்டாம். டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை சாப்பிட்டிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். டிங்கி இருக்கும்போது அவை இரத்தக்கசிவை அதிகமாக்கலாம். எந்த மருந்தாவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலும் அம்மாவே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவார். அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. வயிறு வலிப்பது உங்களுக்குத்தானே? எங்கே வலிக்கிறது என்று ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி வலப்பக்கம் கீழே இறங்கினால் குடல்வாலாக இருக்கலாம் என்று டாக்டர் யோசிப்பார். வயிற்றை அமுக்கும்போது அவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதைக் கவனியுங்கள். வாய் “வலிக்கல” என்றாலும் முகம் சுளித்துவிடும்! தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னாலும் பரவாயில்லை.

பங்சாரில் தனியார் கிளினிக்கும் உண்டு, அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானும் உண்டு. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். கூட்டம் இருக்கும், மைசெஜாத்ராவில் முன்பதிவு செய்துகொண்டு போனால் காத்திருப்பது குறையலாம். எங்கே போனாலும் முடிந்தவரை ஒரே இடத்துக்குப் போவது நல்லது. போன வருடம் உங்கள் எடை என்ன, எந்த மருந்துக்குத் தடிப்பு வந்தது என்பதெல்லாம் அங்கே எழுதி வைத்திருப்பார்கள்.

ஊசி போடுவாரா என்ற பயம் இருந்தால் அதையும் வாய்விட்டுக் கேட்டுவிடலாம். வைரஸ் காய்ச்சலுக்குப் பொதுவாக ஊசியும் வேண்டியதில்லை, ஆன்டிபயாட்டிக்கும் வேண்டியதில்லை; ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். இரத்தம் எடுக்க மட்டும் ஊசி உண்டு. அதில் இருந்து தப்பிக்க வழியில்லை.