பசுவின் உகரம், காசின் உகரம்

புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் குடுமியான்மலை. அங்கே சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய பாறையில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. எழுத்து பல்லவ கிரந்தம். நாம் 'ச ரி க ம' என்று பாடிப் பழகிய சுரங்கள் அதில் ச சி சு செ, ர ரி ரு ரெ என்று நான்கு நான்காகப் பிரிந்து நிற்கின்றன. மெய் மாறவில்லை, உயிர் மட்டுமே மாறுகிறது. இது நுண்சுருதியைக் குறிப்பதா, வீணைத் தந்தியை மீட்டும் முறையைக் குறிப்பதா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. எதுவானாலும், இசையின் நுட்பமான வேறுபாட்டைக் காட்ட உயிரெழுத்தையே நம்பியிருக்கிறார்கள்.

அதே மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசும்போது தடுமாறுவதும் உயிரில்தான். ஆங்கிலத்தில் உயிரெழுத்து ஐந்து. பிரிட்டனின் பாடநூல் உச்சரிப்பிலோ உயிரொலிகள் 20. அத்தனையையும் நம் 12 எழுத்துக்குள் அடைக்கப் பார்க்கிறோம். வீட்டு வாசலில் இருப்பதும் 'கேட்', பூனைக்கு ஆங்கிலத்தில் சொல்வதும் 'கேட்'. தோளில் மாட்டுவதும் 'பேக்', ரொட்டி சுடுவதும் 'பேக்'. எழுத்தில் ஒன்று, ஆங்கிலேயர் காதுக்கு இரண்டு.

குரல்வளையில் எழும் ஒலி எல்லா உயிருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தொண்டையும் வாயும் சேர்ந்த குழாயின் வடிவம் மாறும்போது, அந்த ஒலியில் வெவ்வேறு அதிர்வெண்கள் ஓங்குகின்றன. குழாயடியில் குடம் நிறைய நிறைய ஓசை மாறுவதும் இப்படித்தான். 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பீட்டர்சனும் பார்னியும் 76 பேரை ஆங்கிலச் சொற்களைச் சொல்ல வைத்து இதை அளந்தார்கள். ஆண்கள் சொன்ன 'ஈ'யில் ஓங்கிய முதல் இரண்டு அதிர்வெண்கள் சராசரியாக 270, 2290 ஹெர்ட்ஸ். 'ஆ'வில் 730, 1090. வாய் திறக்கத் திறக்க முதல் எண் ஏறுகிறது. நாக்கு முன்னே வர வர இரண்டாவது எண் ஏறுகிறது.

உயிரை வாயின் வடிவத்தால் பிரிப்பது நமக்குப் பழக்கமானதுதான். தொல்காப்பியத்தின் பிறப்பியல் மூன்று கூட்டங்களைச் சொல்கிறது: வாயைத் திறந்ததும் பிறக்கும் அ, ஆ, நாக்கின் விளிம்பு மேற்பல்லை ஒட்டப் பிறக்கும் இ, ஈ, எ, ஏ, ஐ, இதழ் குவியப் பிறக்கும் உ, ஊ, ஒ, ஓ, ஔ.

அப்படியானால் தடை எங்கே? பெரும்பாலும் காதில். 1992இல் பட்ரீசியா குல் குழுவினர் அமெரிக்க, ஸ்வீடன் குழந்தைகளைச் சோதித்தார்கள். ஆறு மாதத்திலேயே காது தாய்மொழி உயிர்களுக்கு இசைந்துவிடுவது தெரிந்தது. அதன்பின் அவற்றுக்கு நெருக்கமான ஒலி எதைக் கேட்டாலும் பழகிய உயிரின் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறது. பூனையின் உயிர் 'ஏ' கணக்கில் போவது அதனால்தான்.

நம் வாய்க்கோ 12க்கு மேலும் தெரியும். கண்ணாடி முன் நின்று 'பசு' என்று சொல்லிப் பாருங்கள்; முடிவில் உதடு குவியும். 'காசு' என்றால் குவியாது. முன்னது முற்றியலுகரம், பின்னது அரை மாத்திரையாகக் குறுகிய குற்றியலுகரம். பெட்டி 'பொட்டி'யாவதும் பிள்ளை 'புள்ள'யாவதும் இதே போன்ற வாய் வேலைதான். முன்னால் இதழ் மூடும் ப, பின்னால் நாக்கு மடியும் ட, ள. நடுவில் மாட்டிய எகரமும் இகரமும் பின்னுக்கு இழுபட்டு, உதடும் குவிந்துவிடுகிறது. எழுதும்போது மட்டும் பழையபடி பெட்டி, பிள்ளை.

ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலியும் குறுகிய ஒன்றே. அழுத்தம் விழாத அசையில், எழுத்து எதுவானாலும், பெரும்பாலும் வாய் தளர்ந்து நாக்கு நடுவில் கிடக்கும். வாழைப்பழத்தை நாம் 'பனானா' என்று மூன்று அசையும் முழுசாகச் சொல்கிறோம். அவர்கள் நடு அசையை மட்டும் நீட்டி, முதலையும் கடைசியையும் மங்க விடுகிறார்கள். 'காசு' என்று முடிக்கும் நாக்கு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால் அந்த மங்கல் ஒலி வந்துவிடும்.

பூனைக்கு வழி இது: 'எ' என்று தொடங்கி, நாக்கைப் பின்னே இழுக்காமல் தாடையை மட்டும் இறக்க வேண்டும். வாசல் கேட்டுக்கு 'எ'யில் தொடங்கி 'இ' பக்கம் நழுவ வேண்டும். காதுக்கும் பயிற்சி உண்டு. ஜப்பானியர்களுக்கு ஆங்கில ரகரமும் லகரமும் ஒன்றாகக் கேட்கும். 1991இல் லோகன், லைவ்லி, பிசோனி ஆகியோர் பல பேருடைய குரல்களில் சொற்களைக் கேட்கச் செய்தபோது, வளர்ந்தவர்களே அவற்றைப் பிரித்தறிவதில் முன்னேறினார்கள். ஆக, ஆங்கிலச் சொல்லின் தலையில் தமிழில் உச்சரிப்பை எழுதிவைத்துப் படிப்பதைவிட, அதே சொல்லைப் பத்துப் பேர் வாயால் கேட்பது பிள்ளைகளுக்குக் கூடுதலாக உதவும்.